காப்பாற்றிய உயிரைக் காத்துக்கொள்வோம்



நம் கிராமங்களில் வயலுக்கு அடிப்பதும் மருந்து; நோயாளி விழுங்குவதும் மருந்து. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் வீடுகளில் முதல் வகை மருந்து எப்போதும் கையருகே இருக்கிறது. கடனோ, சண்டையோ, அவமானமோ ஒருவரை மூச்சுமுட்ட வைக்கும் நேரத்திலும் அது அங்கேயே இருக்கிறது. இப்படிப்பட்ட மரணங்களைத் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இப்பாடத்தில் அவற்றைப் பார்ப்போம்.

1. மறைந்திருந்த கணக்கு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் மூலம் பதிவு செய்து வந்தது. காவல் நிலையத்துக்குச் சொல்லாததையும் வீட்டார் இப்பணியாளர்களிடம் சொன்னார்கள். 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளின்படி, அங்கே ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தனர். அதே ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான அரசுக் கணக்கு 10, 11 என்ற அளவில்தான் இருந்தது. 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு தற்கொலையே. கணியம்பாடி நமக்கு அடுத்த மாவட்டம்தான்; 1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தது.

2. பயம் ஏன்?

தற்கொலைக்கு முயல்வதே தண்டனைக்குரிய குற்றமாக நெடுங்காலம் இருந்தது. ஆகவே "தவறிக் குடித்துவிட்டாள்", "வயிற்று வலி" என்று சொல்லி மறைத்தார்கள். மறைத்ததால் மனதுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், இவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இச்செய்தி இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

3. ஒரு பூட்டு செய்யும் வேலை

சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அலைபோல் எழும்பி, சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க உதவினாலே உயிர் தப்பும். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பினர், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூ விளைவிக்கும் கிராமங்களில் பொதுவான மருந்துக் கிடங்கு அமைத்துப் பார்த்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டுடன் ஒரு பெட்டி. வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் வைக்க வேண்டியதில்லை. உழவர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

இலங்கை இதைச் சட்டத்தால் செய்தது. 1990-களின் நடுவில் அங்கே தற்கொலை உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

4. வீடு திரும்பிய பின்

மருத்துவமனையில் பிழைத்தவர் எந்த வீட்டிலிருந்து வந்தாரோ, அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார். கடன்காரரும் அங்கேதான் இருக்கிறார். அக்கம்பக்கத்தாரின் பேச்சும் அங்கேதான். ஒருமுறை முயன்றவருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் இவ்வாறு பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அத்துடன் ஒரு மணி நேர ஆலோசனை. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பு. முதற்பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 சதவீதம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. "எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா? தூக்கம் வருகிறதா?" என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

5. தொலைவிலிருப்பவர்களுக்கு

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமத்தார் மனநல மருத்துவரைப் பார்க்கத் திருவண்ணாமலை போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். சவ்வாது மலை மக்களுக்கோ மலை இறங்குவதே பெரும்பாடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010-இல் ஒரு பேருந்தையே மனநல மருத்துவமனையாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பியது. மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மாத்திரை பேருந்திலேயே கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களிடையே தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல். 2022-இல் அவர்களுக்கென ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. அழைப்பை எடுப்பவர்களும் அம்மக்களே. தம் பேச்சையும் துக்கத்தையும் அறிந்தவரிடம்தான் மனிதர் மனம் திறப்பார். கிராமத்துச் செவிலியரும், சுயஉதவிக் குழுத் தலைவியும், சபைப் பெரியவர்களும் இப்பணிக்கு ஏற்றவர்கள் என்பதற்குக் காரணமும் இதுவே.

6. நாம் செய்யக்கூடியவை

• "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று அன்புடன் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. சொல்லிவிட்டவருக்குப் பாரம் குறையும்.
• புத்திமதி சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் முழுவதும் கேளுங்கள்.
• ஆபத்தான நிலையில் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள். மருத்துவமனைக்குக் கூடவே செல்லுங்கள்.
• ஜெபிக்கிறவர் மாத்திரையும் சாப்பிடலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.
• 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், தமிழக அரசின் 104 எண்ணையும் எழுதி வையுங்கள். இரவு பகலாகத் தமிழில் பேசலாம். உங்களுக்கே அந்த எண்ணம் வந்தாலும் தயங்காமல் அழையுங்கள்.

நன்கொடை என்றதும் கட்டடமும் கருவியும் நினைவுக்கு வருகின்றன. ஒரு பணியாளர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கான பேருந்துக் கட்டணமும் உயிர் காக்கும் காணிக்கையே.

கலந்துரையாட:
1. நம் ஊரில் இத்தகைய மரணங்களை எந்தெந்தப் பெயர் சொல்லி மறைக்கிறோம்?
2. பூச்சி மருந்தைப் பூட்டி வைக்க நம் தெருவில் யார் வீடு, எந்த இடம் பொருத்தமானது?
3. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒருவரை அடுத்த 18 மாதங்கள் விசாரிக்க நம்மில் யார் முன்வருவோம்?