தொட்டியில் மஞ்சள், வீட்டிலே குங்குமம்

ஊரிலிருந்து யாராவது டெல்லிக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரிந்தால், நாம் சொல்லியனுப்பும் பட்டியலில் அப்பளம், வடாம், காப்பிப் பொடியோடு ஒரு பொட்டலம் குங்குமமும் தவறாமல் இருக்கும். அந்தக் குங்குமமே மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சங்கடத்தை உண்டாக்கிவிட்டது.

என் மாமியாருக்கு அப்போது 78 வயது. நெற்றியில் குங்குமம் வைக்கும் இடத்தில் அரிப்பு எடுத்து, தோல் தடித்து, கறுத்துவிட்டது. கடை மாற்றி வாங்கியும் பலன் இல்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இப்போது கடையில் கிடைக்கும் குங்குமம் பலவற்றில் செயற்கைச் சாயம் சேர்கிறது, அது சிலருக்கு ஒவ்வாது என்றார். "ஒட்டுப் பொட்டு வைத்துக்கொள்ளலாமா?" என்று நான் கேட்டேன். அதிலும் கவனம் வேண்டும் என்றார். சில ஒட்டுப் பொட்டுகளின் பசையில் சேரும் 'பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால்' என்ற ரசாயனம் தோலின் நிறத்தையே போக்கி, வெள்ளைத் தழும்பாக்கிவிடுமாம். ஆகவே கொஞ்ச நாளைக்கு எதுவுமே வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மாமியார் மருத்துவரிடம் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும், "உங்க மாமனார் இருக்கிறவரைக்கும் என் நெத்தி காலியா இருக்காது" என்று சொல்லிவிட்டார். எண்பது வயதை நெருங்குகிறவரிடம் வாதாடி என்ன பயன்? சாயம் கலக்காத குங்குமத்தை நாமே செய்தால் என்ன என்று அன்றுதான் யோசித்தேன். மூன்று வருட அனுபவத்தில், தோல்விகள் உட்பட, நான் தெரிந்துகொண்டதை நம் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மஞ்சள் ஏன் சிவக்கிறது?

குங்குமத்துக்கு மூலப்பொருள் மஞ்சள் என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படிச் சிவப்பாகிறது என்று கேட்டால், "சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிறோமே" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சள் பொடியில் சுண்ணாம்பு குழைத்து நிழலில் காயவைத்தேன். முதல் நாள் அழகான சிவப்பு. சில நாட்களில் வெளுத்து, திரும்பவும் மஞ்சளாகவே வந்து நின்றது.

காரணம் இதுதான். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள் குர்குமின். காரத்தன்மை உள்ள இடத்தில் அது சிவக்கும். அமிலம் பட்டால் மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்கள், சிவப்பு ஓடிப்போகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வெறும் சாக்கட்டிப் பொருளாக மாறுவதால், அதன் காரம் போய் நிறமும் போகிறது. போதாததற்குச் சுண்ணாம்பு தோலையும் அரிக்கும்.

குங்குமத்தின் சிவப்பு வேறு வகை. எலுமிச்சம்பழச் சாற்றோடு வெங்காரமும் சேரும்போது, வெங்காரத்திலுள்ள போரான் குர்குமினோடு பிணைந்து புதிய சிவப்புப் பொருள் ஒன்று உண்டாகிறது. கல்லூரி ரசாயனக் கூடத்தில் போரானைக் கண்டுபிடிக்க மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்துவார்கள், அதே சங்கதிதான். இந்தச் சிவப்பு, ஈரம் வற்ற வற்றத்தான் கூடும். நம் பாட்டிமார்கள் நாள் கணக்கில் நிழலில் உலர்த்தியதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தொட்டியில் மஞ்சள் வளர்ப்பு

கடை மஞ்சளிலேயே செய்யலாமே, வளர்ப்பானேன் என்று கேட்கலாம். மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசுவதை வங்கதேசத்தில் 2019ல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. எல்லா மஞ்சளும் அப்படியல்ல. ஆனாலும் நம் தொட்டியில் விளைந்ததென்றால் அந்தக் கவலையே இல்லை. தவிர, பொங்கல் பானைக்குக் கட்ட மஞ்சள் கொத்தும் ஆயிற்று.

முதல் வருடம் மளிகைக் கடை விரலி மஞ்சளை நட்டுவிட்டு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. கடைக்கு வரும் காய்ந்த மஞ்சள் வேகவைத்து உலர்த்தியது. அதில் உயிர் இல்லை. விதைக்குப் பச்சைக் கிழங்குதான் வேண்டும். பொங்கலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கும் மஞ்சள் கொத்தின் அடியிலுள்ள கிழங்கைத் தூக்கி எறியாமல், காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். ஏப்ரலில் அதுவே விதை மஞ்சள்.

தொட்டி 12 அங்குல அகலமாவது இருக்கட்டும். பழைய சிமெண்ட் சாக்கானாலும் போதும், அடியில் துளை முக்கியம். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு. ஏப்ரல் கடைசியில், ஒன்றிரண்டு முளைக்கண் உள்ள துண்டுகளை இரண்டு அங்குல ஆழத்தில் நடவேண்டும். தொட்டிக்கு இரண்டு துண்டு போதும். முளை வெளியே வர மூன்று நான்கு வாரங்கள் ஆகும். மே, ஜூன் மாதத்து 'லூ' காற்று இளம் இலைகளைக் கருக்கிவிடும். பிற்பகல் வெயில் படாத பக்கமாகத் தொட்டியை நகர்த்திவிடுங்கள். ஜூலையில் மழை தொடங்கியதும் செடி மளமளவென்று வளரும். அப்போது தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப் போகும். ஆகஸ்டில் ஒரு தடவை எருவும் மண்ணும் கலந்து மேலே அணைத்துவிட வேண்டும்.

டிசம்பர் குளிரில் இலைகள் பழுத்துச் சாயும். செடி செத்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். கிழங்கு முற்றுகிறது என்று அர்த்தம். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, பொங்கலுக்குப் பிறகு தொட்டியைக் கவிழ்த்து எடுக்கலாம். எனக்கு ஆறு தொட்டிகளில் இரண்டரைக் கிலோ பச்சை மஞ்சள் கிடைத்தது. கழுவி, ஈர்க்குச்சி இறங்கும் வரை வேகவைத்து, வெயிலில் காயவைத்தேன். பிப்ரவரி வெயிலில் மூன்று வாரம் பிடித்தது. ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனக்குச் சுமார் அரைக் கிலோ தேறியது.

குங்குமம் செய்முறை

தேவையானவை: காய்ந்த மஞ்சள் 100 கிராம், வெங்காரம் 10 கிராம், படிகாரம் 10 கிராம், வடிகட்டிய எலுமிச்சம்பழச் சாறு 150 மில்லி, நெய் அல்லது நல்லெண்ணெய் அரை டீஸ்பூன்.

இங்கே நாட்டு மருந்துக் கடை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். காரி பாவ்லியிலோ பக்கத்துப் பன்சாரிக் கடையிலோ வெங்காரத்தை 'சுஹாகா' என்றும், படிகாரத்தை 'ஃபிட்கரி' என்றும் கேளுங்கள். இந்திக்காரர்கள் சுமங்கலித்தன்மையைச் 'சுஹாக்' என்பார்கள். "பேரே பொருத்தமா இருக்கே!" என்று என் மாமியார் சிரித்தார்.

1. மஞ்சளைக் கல்கண்டு அளவுக்கு உடைத்துக்கொள்ளவும். பொடியாக்க வேண்டாம், பொடி கட்டிதட்டி, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

2. வெங்காரம், படிகாரம் இரண்டையும் பொடித்து, வெதுவெதுப்பான எலுமிச்சம்பழச் சாற்றில் கரையும் வரை கலக்கவும். பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பு பட்டால் நிறம் பழுப்படிக்கும்.

3. மஞ்சள் துண்டுகளை அதில் போட்டு, மெல்லிய துணியால் மூடி, நிழலில் வைக்கவும். காலையும் மாலையும் மரக்கரண்டியால் புரட்டிவிடவும். சாறு முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டதும் தட்டில் பரப்பி, நிழலிலேயே உலரவிடவும். பத்து நாள் வரை ஆகும்.

4. நன்றாகக் காய்ந்தபின் இடித்து, வஸ்திரகாயம் செய்யவும். கடைசியில் நெய்யோ எண்ணெயோ விட்டுக் கையால் பிசிறி, சிமிழில் அடைக்கவும்.

முதல் தடவை பொறுமையில்லாமல் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். செங்கல் நிறத்துக்கு மேல் ஏறவே இல்லை. வெயில் மஞ்சளின் நிறத்தைத் தின்றுவிடும். இரண்டாம் தடவை அலமாரிக்கு மேல் வைத்து உலர்த்தியபோதுதான் ஆழ்ந்த சிவப்பு வந்தது. கடைக் குங்குமத்தின் பளீர் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், அது இதில் வராது. வாசனைக்காகக் கஸ்தூரி மஞ்சளை மட்டும் வைத்துச் செய்தாலும் நிறம் சோபிக்காது. அதில் குர்குமின் மிகக் குறைவு.

அவசியம் கவனிக்க வேண்டியவை

வெங்காரம் உணவுப் பொருள் அல்ல. அதற்கென்று பாத்திரமும் கரண்டியும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. கைக்குழந்தைக்கு இந்தக் குங்குமத்தை இடவேண்டாம். புண்ணோ வெடிப்போ உள்ள தோலிலும் கூடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் செய்தது என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கக்கூடாது. என் சிநேகிதி ஒருவருக்கு ஆசையாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நெற்றி சிவந்து அரிக்கிறதென்று சொன்னார். அப்புறம் மருத்துவரைக் கேட்டபோது, மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்றார். 'இயற்கையானது' என்ற ஒரு வார்த்தையை நம்பி நான் சோதிக்காமல் கொடுத்தது தவறு. அதிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும், முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

செந்தூரத்தையும் குங்குமத்தையும் ஒன்றாக எண்ணாதீர்கள். வகிட்டில் இடும் சிந்தூரில் ஈயம் கலந்திருப்பதை 2017ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வாங்கிய மாதிரிகளை அதில் சோதித்திருந்தார்கள்.

கடைக் குங்குமத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ள, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். மஞ்சளில் செய்ததானால் கருமை கலந்த பழுப்பாக மாறும். வெறும் சாயப் பொடி பெரும்பாலும் சிவப்பாகவே நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் இதில் தெரியாது, ஆகையால் இதை முடிவான சோதனையாகக் கொள்ள வேண்டாம்.

என் மாமியாரின் நெற்றியை ஒரு மாதம் ஆறவிட்டு, கையில் சோதித்து, மருத்துவரிடமும் சொன்ன பிறகே வீட்டுக் குங்குமத்தை வைத்தோம். அந்த ஒரு மாதமும் அவருக்கு விபூதிதான் துணை. புதுக் குங்குமத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நிறம் கொஞ்சம் மட்டு. ஆனா எங்கம்மா பண்ணினது இப்படித்தான் இருக்கும்" என்றார். அரிப்பு இதுவரை திரும்பவில்லை. கறுப்பு முழுவதும் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வருகிறது.

100 கிராம் குங்குமம் ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்துக்குத் தாராளம். இந்த வருடம் விதைக்கென்று ஒரு கிலோ பச்சைக் கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன். பால்கனியில் வெயில் விழும் அங்கத்தினர்கள், சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு துணிப்பையோடு வாருங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு தருகிறேன். அடுத்த பொங்கலுக்கு அவரவர் வீட்டுப் பானையில் அவரவர் மஞ்சள் கொத்தைக் கட்டலாம்.