சீன மாணவரும் ஆங்கில உயர்சொற்களும்: ஒரு கடிதம்



சீனர்கள் பட எழுத்தில் பழகியவர்கள், ஆகவே ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு படமாகவே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள், அதனால்தான் ஆயிரக்கணக்கான சொற்கள் தெரிந்தும் அவர்களால் ஒரு பத்தி இயல்பாக எழுத முடிவதில்லை என்று தங்கள் கடிதம் சொல்லி, விளக்கமும் கேட்கிறது. ஆங்கிலம் கற்பிப்போர் பலர் கூசாமல் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து இது. சீன மொழி ஆய்வாளர் ஜான் டிஃபிரான்சிஸ் 1984-இல் வெளியிட்ட நூலில் ஓர் இயல் முழுவதையும் இந்தப் பட எழுத்துக் கதையை மறுப்பதற்கே செலவிட்டும் கதை சாகவில்லை. கல்லீரலைக் குறிக்கும் 'கான்' என்ற சீன எழுத்தை எடுத்துக்கொண்டால், அதன் இடப்பாதி தசையைக் குறிக்கும் உறுப்பு, 'இது உடலைச் சேர்ந்தது' என்று மட்டும் சொல்வது; வலப்பாதியோ கல்லீரலோடு ஒரு தொடர்பும் இல்லாத, ஒலிக்காக மட்டும் இரவல் வாங்கப்பட்ட வேறோர் எழுத்து. பாதி பொருள், பாதி ஒலி என்ற இந்த முறையில் அமைந்தவையே சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை. அவற்றில் படத்தைத் தேடுவோர் சீனம் கற்காதவர்களே.

சீன மாணவரின் இடர்ப்பாடு எழுத்தில் இல்லை, நினைவாற்றலிலும் இல்லை. தம் மொழி உயர்சொற்களை, அதாவது துறைசார்ந்த அரிய சொற்களை, ஆக்கும் முறைக்கும் ஆங்கிலம் அவற்றை ஆக்கும் முறைக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. சீன அரசு 1988-இல் வெளியிட்ட பொதுவழக்கு எழுத்துகளின் பட்டியலில் 3,500 எழுத்துகள் உள்ளன. அவற்றை அறிந்தவர் நாளிதழையும் நாவலையும் பெரும்பாலும் தடையின்றிப் படிக்கலாம், ஏனெனில் புதிதாக எதிர்ப்படும் சொல் பெரும்பாலும் முன்பே தெரிந்த இரண்டு எழுத்துகளின் கூட்டாகவே இருக்கும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வாகிய காவ்காவ் எழுதும் மாணவர் கற்க வேண்டிய ஆங்கிலச் சொற்களும் ஏறத்தாழ 3,500 என்றே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. எண் ஒன்றுதான், ஆனால் அது கொண்டுசேர்க்கும் தொலைவு ஒன்றன்று. ஆங்கில நூல்களைப் பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலார் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதிலிருந்து நேரடியாகக் கிளைத்த வடிவங்களும் சேர்ந்த தொகுதி. 3,500-லிருந்து 9,000-க்குச் செல்லும் வழியில், முன்பு கற்ற எளிய சொற்கள் சீன மாணவருக்கு அநேகமாக உதவுவதே இல்லை.

நுரையீரலைப் பார்த்தால் இது விளங்கும். உறுப்பின் பெயர் ஆங்கிலத்தில் 'லங்'. அதைப் பற்றியது என்று அடைமொழியாகச் சொல்ல வேண்டுமானால் 'பல்மனரி'. அதில் வரும் அழற்சி 'நிமோனியா'. முதலாவது பழைய ஜெர்மானிய வழிச்சொல், இரண்டாவது லத்தீன், மூன்றாவது கிரேக்கம். ஒன்றைக் கற்றவர்க்கு மற்றொன்றை ஊகிக்க ஓர் எழுத்துகூடக் கைகொடுக்காது. சீனத்தில் நுரையீரல் 'ஃபெய்', நுரையீரல் அழற்சி 'ஃபெய்யென்'. அவ்வாறே கல்லீரல் அழற்சி 'கான்யென்', சிறுநீரக அழற்சி 'ஷென்யென்', இரைப்பை அழற்சி 'வெய்யென்'. பத்து வயதுச் சீனச் சிறுவன் 'ஷென்யென்' என்பதை முதன்முறை எழுத்தில் கண்டாலும், அது எந்த உறுப்பில் என்ன வகைக் கோளாறு என்பதைச் சொல்லிவிடுவான். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்து கல்லூரியில் படித்தவருக்கும் அதே நோயின் ஆங்கிலப் பெயராகிய 'நெஃப்ரைட்டிஸ்' என்பது அகராதி பார்த்தே அறிய வேண்டிய சொல்.

இன்னும் சற்று உள்ளே சென்று பார்க்கலாம். அழற்சியைக் குறிக்கும் 'யென்' என்ற எழுத்து, நெருப்பைக் குறிக்கும் எழுத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை எழுதியது. தமிழ் 'அழற்சி'யில் நெருப்பாகிய 'அழல்' இருக்கிறது. ஆங்கில 'இன்ஃப்ளமேஷன்' என்பதிலும் லத்தீன் தீச்சுடர் இருக்கிறது. மூன்று மொழிகளும் எரிச்சலையும் சூட்டையும் கண்டு ஒரே பெயரிட்டிருக்க, நோயின் பெயரை அமைக்கும்போது ஆங்கிலம் மட்டும் அந்தத் தீயை அணைத்துவிட்டு 'ஐட்டிஸ்' என்ற கிரேக்க ஒட்டைப் போட்டுக்கொள்கிறது. அந்த ஒட்டுக்கு மூலப் பொருள் அழற்சியே அன்று. இன்னதைச் சார்ந்தது என்பதுதான். நோய் என்ற சொல் அதன் பின்னே தொக்கி நின்று, காலப்போக்கில் மறைந்து, அழற்சி என்ற பொருள் ஒட்டின்மேல் ஏறிக்கொண்டது. இத்தனை திரைகளைத் தாண்டி ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டியவரை 'மனப்பாட எந்திரம்' என்று எள்ளுவது முறையன்று.

ஆங்கிலேயருள் ஒருவருக்கு இது உறுத்தியிருக்கிறது. டோர்செட் வட்டாரக் கவிஞரும் பாதிரியாருமான வில்லியம் பார்ன்ஸ் 1878-இல் வெளியிட்ட நூலில், 'கிராமர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மாற்றாகப் 'பேச்சுத்திறன்' என்று பொருள்படும் 'ஸ்பீச்கிராஃப்ட்' என்பதை ஆண்டார். குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டியாகிய 'பெராம்புலேட்டர்' என்பதற்கும் 'புஷ்வெய்ன்லிங்', அதாவது தள்ளு குட்டிவண்டி, என்று பெயர் சொன்னார். அவரை நகைத்து ஒதுக்கினார்கள். அவர் சொற்கள் நிலைத்திருந்தால் இன்றைய சீன மாணவரின் சுமையில் பாதி குறைந்திருக்கும் என்பது இக்கடிதம் எழுதுவோரின் உறுதியான எண்ணம். மொழியியலார் பலர் இதற்கு உடன்படார், உடன்படாமல் போகட்டும். சீனத்தில் பார்ன்ஸ் போன்றவர் தேவைப்படவில்லை, ஏனெனில் மொழியின் இயல்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது: தொலைபேசி முதலில் 'தெலூஃபெங்' என்று ஒலிபெயர்ப்பாக நுழைந்து, சில பத்தாண்டுகளில் 'மின்பேச்சு' என்று பொருள்படும் 'தியென்ஹுவா'விடம் தோற்று மறைந்தது. 'தியென்ஹுவா' ஜப்பானில் ஆக்கப்பட்டுச் சீனத்துக்கு வந்தது என்பது வேறு செய்தி.

தமிழ் மாணவர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 'சிறுநீரக அழற்சி' என்பது சீனக் கூட்டைப் போலவே தெளிவானது. ஆனால் நிலவுக்குக் கிரகணம் பிடிக்கும்போது அது 'சந்திர கிரகணம்' ஆகிறது, எளிய சொல் ஒரு மூலத்திலிருந்தும் உயர்சொல் வேறொரு மூலத்திலிருந்தும் வருகிறது. 'மூன்' என்பதற்கு 'லூனார்' அடைமொழியாவது தமிழருக்குப் புதுமையாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம். சீனருக்கு அதே கிரகணம் 'யுவெஷி', அதாவது நிலவு உண்ணப்படுதல். நிலவு நிலவாகவே இருக்கிறது. தமக்கு எளிதாக இருப்பதைக் கொண்டு சீன மாணவரை அளப்பது தங்களைப் போல் அவர்களுக்குக் கற்பிக்கச் செல்ல விரும்புவோர் முதலில் விட வேண்டிய பழக்கம்.

சீன மாணவரிடையே சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் வேரூன்றியதற்கும் காரணம் உண்டு. பெய்ஜிங்கில் 1993-இல் நியூ ஓரியண்டல் பள்ளியைத் தொடங்கிய யூ மின்ஹோங், அமெரிக்க முதுநிலைப் படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வுக்குத் தொகுத்த சொல்நூலுக்கு 'ஹோங்பாவ்ஷூ', அதாவது செம்பொக்கிஷ நூல், என்று மாணவர்கள் பெயரிட்டார்கள். முன்னொரு காலத்தில் மாவோவின் மேற்கோள் நூலுக்கு வழங்கிய பெயர் அது. அன்றைய ஜி.ஆர்.ஈ. தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல்லைக் கேட்டது, இரட்டைச் சொற்களைக் கொடுத்து அதே உறவுடைய வேறோர் இரட்டையைக் கேட்டது. சொல்லும் அதன் நேர்ப்பொருளும் மட்டும் தெரிந்தால் போதும். 2011-இல் அவ்வகை வினாக்கள் நீக்கப்பட்டு, சொல்லறிவைச் சோதிக்க வாக்கியத்துக்குள் சொல்லைப் பொருத்தும் வினாக்களே எஞ்சின. தேர்வு மாறிய பின்னும் பட்டியல்கள் பழைய அமைப்பிலேயே அச்சாகி, இப்போது கைப்பேசிச் செயலிகளாகவும் உலவுகின்றன. அகரவரிசைப் பட்டியல்களின் தொடக்கத்திலேயே வருவது, கைவிடு என்று பொருள்படும் 'அபாண்டன்'. அதைக் கற்றதும் படிப்பைக் கைவிட்டுவிடுகிறோம் என்பது சீன மாணவரிடையே வழங்கும் பழைய நகைச்சுவை. அதில் நகைச்சுவையைவிட உண்மையே மிகுதி.

எனினும் கூட்டுச்சொல் ஆக்கத்தில் பழகிய சீன மனத்துக்கு ஒரு நன்மையும் உண்டு, பட்டியல்கள் அதைப் பயன்படுத்தாமல் வீணாக்குகின்றன. சீனத்தில் 'ஹுவா' என்ற ஈறு இன்னதாக மாற்றுதலையும், 'ஷிங்' தன்மையையும், 'ஷுவே' ஒரு துறையின் கல்வியையும் குறிக்கின்றன. ஆங்கிலத்தின் 'ஐஸ்', 'இட்டி', 'ஆலஜி' என்ற ஈறுகள் இவற்றோடு ஏறத்தாழப் பொருந்துகின்றன. ஆகவே 'யென்' தெரிந்தவருக்கு 'ஐட்டிஸ்' என்பதை ஒரு சீன எழுத்தைப் போலவே கற்பித்துவிட்டு, அதற்கு முன்வரும் கிரேக்க உறுப்புப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது பயன்தரும். இதற்கும் வரம்பு உண்டு. சீன எழுத்து எந்தக் கூட்டில் சென்றாலும் பெரும்பாலும் தன் ஒலியையும் வடிவையும் காத்துக்கொள்ளும். லத்தீன் வேரோ 'ரிசீவ்', 'ரிசப்ஷன்', 'ரிசீட்' என்று இடத்துக்கு இடம் முகம் மாறும். அத்துடன் 'டிசீவ்', 'பர்சீவ்', 'கன்சீவ்' ஆகியவற்றிலுள்ள பொதுவேருக்குப் 'பிடி' என்று பொருள் சொல்லிவிட்டால் மூன்றும் விளங்கிவிடும் என்று நம்பவைக்கும் வேர்ச்சொல் நூல்கள் மாணவரை ஏமாற்றுகின்றன. பிடிப்பதிலிருந்து ஏமாற்றுவதும் உணர்வதும் கருவுறுவதும் எவ்வாறு வந்தன என்பது வரலாறு, ஊகித்து அறியக்கூடியதன்று.

அடுத்தது, சொல்லுக்குத் துணைவரும் சொல். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எதனோடு சேராது என்பதைச் சொல்லிணைவு எனலாம். சீனத்தில் 'காய்' என்ற ஒரே வினை விளக்கைப் போடவும், வண்டியை ஓட்டவும், கூட்டம் நடத்தவும், பூ மலரவும் வரும். அகராதியில் அதன் முதற்பொருள் 'திற' என்றிருப்பதால் மாணவர் ஆங்கிலத்தில் விளக்கைத் திறக்கிறார். அறிவைக் 'கற்கிறார்', ஏனெனில் சீனத்தில் கற்றல் என்ற வினைக்கு அறிவு பிழையற்ற செயப்படுபொருள். ஆங்கிலத்திலோ அறிவைப் பெறலாம், கற்க முடியாது. 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அவர் பள்ளியிலேயே அறிந்தவர்தாம், அது எந்த வினையோடு சேரும் என்பதைத்தான் பட்டியல் அவருக்குச் சொல்லவில்லை. உயர்சொற்களில் இத்தகைய பிழை பெருகும், ஏனெனில் சொல் எவ்வளவு அரியதோ அவ்வளவு குறுகியது அதன் துணை.

பொருளின் நிறம் இதைவிட நுட்பமானது. 'ஆம்பிஷன்' என்பதற்கு இருமொழி அகராதிகள் 'யெஷின்', 'ஷியொங்ஷின்' என்று இரண்டு சீனச் சொற்களைத் தருகின்றன. முன்னது காட்டு மனம், பழிப்புக்குரிய பேராசை. பின்னது வீர மனம், போற்றத்தக்க உயர்நோக்கம். சீனப் பள்ளிகளில் சொற்களைப் புகழ்ச்சொல், இகழ்ச்சொல், நடுநிலைச்சொல் என்று பிரித்துப் பழக்குவதால், மாணவர் ஆங்கிலச் சொல்லையும் ஏதேனும் ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும் என்று எண்ணுகிறார். 'ஆம்பிஷன்' இரண்டிலும் நிற்கும், பேசுபவரின் நோக்கே அதன் நிறத்தை முடிவுசெய்யும். சீனத்தில் 'ஷுவான்சுவான்' என்பது குற்றமற்ற சொல், பரப்புரை அல்லது விளம்பரம். ஆங்கிலத்தில் அதற்கு நேராக வைக்கப்பட்ட 'புராபகாண்டா' இருபதாம் நூற்றாண்டில் கறைபட்டதால், சீனப் பொதுவுடைமைக் கட்சியின் பரப்புரைத்துறை தன் ஆங்கிலப் பெயரில் மட்டும் 'பப்ளிசிட்டி' என்று மாற்றிக்கொண்டது. சீனப் பெயர் அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் பட்டியல் தராவிட்டால் வேறு எது தரும் என்று கேட்கலாம். கதை தரும். சியென் ட்சொங்ஷூ, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஆழ்ந்த புலமை பெற்றவர், சிறுவயதில் லின் ஷூவின் மொழிபெயர்ப்புகளைப் படித்ததால்தான் பிறமொழி கற்க ஆவல் பிறந்தது என்று எழுதியிருக்கிறார். லின் ஷூவுக்கு ஒரு பிறமொழியும் தெரியாது. உடனிருப்பவர் வாயால் சொல்லச் சொல்லத் தம் செம்மைச் சீனத்தில் எழுதிச் சென்றவர். ஆங்கில நாவலாசிரியர் ரைடர் ஹக்கார்டின் சாகசக் கதைகளை அவ்வாறு படித்த சிறுவனை, அத்தகைய கதைகளை மேலும் படிக்க வேண்டும் என்ற ஆவல்தான் ஆங்கில நூல்களிடம் இழுத்துச் சென்றது. இன்று சீன மாணவர் கையில் உள்ள பட்டியலில் ஆவலைத் தூண்டும் வாக்கியம் ஒன்றேனும் உண்டா?

அகராதியைப் பற்றியும் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் கற்பித்த ஹரால்டு பால்மரும் ஏ.எஸ். ஹோர்ன்பியும் டோக்கியோவில் இருந்துகொண்டு, ஜப்பானிய மாணவர்களின் தேவைக்காக, 1933-இல் ஆங்கிலச் சொல்லிணைவுகளைத் தொகுத்தார்கள். அந்த வழியிலேயே ஹோர்ன்பி குழுவினரின் அகராதி 1942-இல் அதே நகரில் அச்சாகி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் பெயரில் உலகெங்கும் பரவியது. கீழை ஆசிய மாணவருக்காகவே பிறந்த நூல் அது. அதன் இருமொழிப் பதிப்பைச் சீன மாணவரிடம் கொடுக்கும்போது, சீனப் பொருளைக் கையால் மறைத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் முதலில் படிக்கச் சொல்ல வேண்டும். அவற்றிலிருந்து பொருளைத் தாமே எழுதி முடித்த பின்னரே கையை எடுக்கவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் இம்முறையில் நகர முடியாது. ஐம்பது வேண்டும் என்று மாணவர் வற்புறுத்தினால் தாங்கள் இணங்க வேண்டியதில்லை.