முகம் கண்டறியும் விளையாட்டு

இரவு உணவு முடிந்தபின் இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து ஆடுதற்குரிய விளையாட்டைத் தேரும்பொழுது, அவருள் மிக இளைய குழந்தையையே முதற்கண் நோக்குதல் வேண்டும். எழுத்தறியாச் சிறுவனுக்குச் சொல்லை ஊகிக்கும் ஆட்டம் ஆகாது. ஆறு நிறக் குச்சிகளுள் நான்கினை மறைத்து வைத்து, அவற்றின் வரிசையைக் கண்டறியச் செய்வது ‘மாஸ்டர்மைண்ட்’. ஒரே நிறம் மீண்டும் வரலாமாதலின், அதில் 1,296 வரிசைகள் அமையும். பெரியோர்க்கே தலை சுற்றும்!

1979ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கெஸ் ஹூ’ அத்தகையதன்று. அதன் பலகையில் 24 முகங்கள் நிமிர்ந்து நிற்கும். எதிரில் இருப்பவர் எடுத்த சீட்டிலுள்ள முகம் யாதென, ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளைக் கொண்டே அறிதல் வேண்டும். பொருந்தா முகங்களை மடக்கி வீழ்த்தலாம். சிறார்க்கு அவ்வாறு வீழ்த்துவதே பெருங்களிப்பு.

ஐந்து வயதுக் குழந்தை, “இவரா? இவரா?” என ஒவ்வொரு முகமாகச் சுட்டும், தோற்கும், கண் கலங்கும். அதற்கிரங்கித் தந்தை வேண்டுமென்றே தோற்றல் நன்றன்று. குழந்தை அதனை எளிதில் கண்டுகொள்ளும். தாயை எதிரில் அமர்த்தி, தந்தையும் குழந்தையும் ஒரு கட்சியாக ஆடலாம். பாதி முகங்களை நீக்கும் வினா வாய்க்குமாயின் 24 என்பது 12, 6, 3 எனக் குறுகிவிடும். இரண்டு ஆட்டங்கள் இவ்வாறு கண்ட குழந்தை, மூன்றாவதில் தந்தையின் கையை விலக்கி, “தொப்பி அணிந்தவரா, அம்மா?” என்று தானே வினவும்.