உளவியல் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்து, குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குவதற்குள் தென்காசிப் பிள்ளைகளின் அடுத்த பத்து வருடம் முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் அது வீட்டுக் கூடத்தில், மாமாவோ சித்தப்பாவோ சொன்ன ஒரு பேச்சில் முடிவாகிறது. சமீப ஆண்டுகளாக அந்தப் பேச்சில் ‘சைக்காலஜி’ அடிக்கடி அடிபடுகிறது. நீட்டில் இடம் கிடைக்காத வீட்டில், “இதுவும் கொஞ்சம் டாக்டர் மாதிரிதானே சார்?” என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் வேறொரு காரணத்தோடு வருகிறார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடலாம் என்று கைபேசியில் யாரோ ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார். படித்து முடித்ததும் பெரிய கோயில் பக்கம் ஒரு அறை பிடித்து, வாசலில் கவுன்சலிங் சென்டர் என்று பலகை மாட்டிவிடலாம் என்பது கணக்கு.

பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே உளவியல் படித்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. இந்தத் துறையில் நல்ல வழிகள் பல இருக்க, பிள்ளைகள் ஒரே வழியில் போய்க் குவிவதைப் பார்க்கப் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த அறிவியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெக்னர் என்ற பேராசிரியர், கையில் இருக்கும் எடையோடு இன்னும் எவ்வளவு சேர்த்தால் மனிதனுக்கு வித்தியாசம் தெரிகிறது என்பது போன்ற கேள்விகளைக் கணக்காக்கி 1860-இல் நூல் எழுதினார். அதே நகரின் பல்கலைக்கழகத்தில் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைக்கூடம் தொடங்கினார். அவர் மருத்துவம் படித்தவர். ஒலி கேட்டதும் விரல் அசைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நொடியின் சிறு பகுதிகளில் அளந்தார்கள். மனதைப் பற்றிய பேச்சு தத்துவத்திலிருந்து பிரிந்து அறிவியலானது அங்கேதான். யாருக்கும் ஆறுதல் சொல்வதற்காக அந்தக் கூடம் கட்டப்படவில்லை. அளப்பதற்காகக் கட்டப்பட்டது.

நம் நாட்டுக்கு உளவியல் வந்த வழியும் அதே கூடத்திலிருந்துதான். வுண்டிடம் படித்த மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் தொடங்கிய முதல் உளவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். மைசூரில் 1924-இல் துறையை உருவாக்கிய எம். வி. கோபாலசாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்தவர். அந்த ஸ்பியர்மனும் லைப்சிக்கில் பட்டம் பெற்றவரே. (இதே கோபாலசாமிதான் 1935-இல் மைசூரில் ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் வானொலி நிலையம் தொடங்கினார். கருவிகளில் கை வைத்துப் பழகிய உளவியலாளர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இது ஒன்று போதும்.) சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் துறையைத் தொடங்கினார். இன்றும் பட்டப் படிப்பின் செய்முறைத் தேர்வில் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டி, எத்தனை இடத்தில் பிசகியது, எத்தனை நொடி ஆனது என்று குறிக்கிறாள் என்றால், அது அந்தப் பரம்பரையின் தொடர்ச்சி.

இனி பிரிவுகளுக்கு வருவோம். மருத்துவ உளவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த வழி. முதுகலைக்குப் பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி, அதன்பின் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர். நீண்ட காலம் எம்.ஃபில். என்ற பெயரில் நடந்த அந்தப் படிப்பின் பெயரும் வடிவமும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே சேரும் ஆண்டில் கவுன்சிலின் பட்டியலைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். மாத்திரை எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படிக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. தொழில், நிறுவன உளவியலில் சம்பளம் நன்றாக வரும். மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு மென்பொருள் நிறுவனம் என்றால் என்ன என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மனிதர் எப்படி ஒரு திரையைப் பார்க்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று சோதிப்பதும் உளவியலாளரின் வேலைதான். மூளையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நரம்பியல் உளவியல் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் வலிப்பதாகச் சொன்ன நோயாளிகளுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு வலியைக் குறைக்கலாம் என்று காட்டியவர். சினிமா பார்த்துவிட்டுக் குற்ற உளவியல் கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையை முதலில் போய்ப் பாருங்கள் என்பதே.

சமூக உளவியலை நம் பக்கம் யாரும் கேட்பதில்லை. இது எனக்கு வருத்தம். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் இல்லாத ஊர்களில் இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவின. ஜமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் அவற்றைச் சேகரித்து எழுதினார். சேதமில்லாத ஊரில் ஏன் பயமூட்டும் வதந்தி என்ற கேள்வி அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கரைப் பிடித்துக்கொண்டது. பயம் ஏற்கெனவே மனதில் இருக்கிறது, அதற்குப் பொருத்தமான காரணத்தை மனிதர் தேடிக்கொள்கிறார் என்று அவர் நினைத்தார். 1957-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு அது ஒரு தொடக்கம். நம் வாசலிலும் இப்படிப்பட்ட கேள்விகள் கிடக்கின்றன. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். தண்ணீரின் வேகம் மாறும்போதும் ஒரு கூட்டம் ஏன் உடனே விலகுவதில்லை, யார் ஒருவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்வார்கள் என்பதை இங்கேயே பிறந்த ஒரு மாணவி ஆராய்ந்தால் உயிர்களே மிஞ்சும்.

இப்போது நான் எச்சரிக்க வந்த வழிக்கு வருகிறேன். சான்றிதழ் கவுன்சலிங்.

மூன்று மாதம், ஆறு மாதம், சில இடங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமை. முடிந்ததும் பட்டையடித்த ஒரு சான்றிதழ். கூடவே மனோவசியம், கையெழுத்து வைத்துக் குணம் சொல்வது, விரல்ரேகை வைத்துக் குழந்தையின் மூளைத்திறன் சொல்வது என்று துணைப் பாடங்கள். கையெழுத்தும் விரல்ரேகையும் குணத்தையோ திறமையையோ காட்டும் என்பதற்கு உளவியலில் ஆதாரம் கிடையாது. இந்தப் படிப்பில் சேரும் பெண்களில் பலர் நல்ல மனம் கொண்டவர்கள். “எல்லாரும் என்கிட்டதான் சார் கஷ்டத்தைச் சொல்லுவாங்க” என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் கேட்கும் மனம் இருப்பது வேறு, கேட்டதை வைத்து என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பது வேறு. பின்னதைக் கற்பதற்குத்தான் வருடங்கள் தேவைப்படுகின்றன.

என் வகுப்பில் ஒரு பையன் நடுவில் நடுவில் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பான். கூப்பிட்டால் பதில் இருக்காது, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வான். கவனக்குறைவு என்று வீட்டில் முடிவு செய்து, இப்படிச் சான்றிதழ் வாங்கிய ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் கைபேசியைக் குறைக்கச் சொன்னார், மூச்சுப் பயிற்சி கொடுத்தார், பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். மாதங்கள் போயின. கடைசியில் நெல்லை அரசு மருத்துவமனையில் காட்டியபோதுதான் அது வலிப்பின் ஒரு வகை என்று தெரிந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது. அந்த ஆலோசகர் கெட்டவர் அல்ல. எங்கே தன் வேலை முடிந்து டாக்டரின் வேலை தொடங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தைராய்டு குறைந்தாலும் மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போகும். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தெரியாதவர் அப்படி வருகிறவருக்கு நம்பிக்கை ஊட்டும் பேச்சைத்தான் கொடுப்பார்.

இன்னொரு ஆபத்து, சிறிய ஊருக்கே உரியது. தென்காசியில் ஒருவர் ஒரு படியேறினால் மாலைக்குள் சொக்கம்பட்டியில் இருக்கும் அத்தைக்குத் தெரிந்துவிடும். இரகசியம் காப்பது இங்கே நல்ல குணம் என்பதோடு நிற்காது, பயிற்சியாகவே கற்க வேண்டிய ஒன்று. பதிவேட்டை எங்கே வைப்பது, கணவன் வந்து மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டால் என்ன சொல்வது, வந்தவர் உயிரை விட நினைப்பதாகச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லக் கூடாது. முறையான முதுகலைப் படிப்பில் இவற்றை மூத்தவர் ஒருவர் மேற்பார்வையில், உண்மையான ஆட்களோடு உட்கார்ந்து பழகுகிறார்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பில் பேசுகிறவர்கள் தன்னார்வலர்கள்தான். அவர்களுக்கும் பயிற்சி இருக்கிறது, தங்கள் எல்லை எது என்பது அவர்களுக்குத் தெரியும். நெருக்கடியில் இருப்பவருக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணைக் கொடுப்பது, அரைகுறையாகச் சிகிச்சை செய்வதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. படித்துவிடலாம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைத்தவர்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் இதை வரவேற்கிறேன். மனிதரைத் தொடாமல் மனிதரைப் பற்றிய தொழிலைக் கற்க முடியாது. கவுன்சலிங்தான் செய்வேன் என்று உறுதியாக இருப்பவர்கள் நேரடி வகுப்பில் ஆலோசனை உளவியலில் முதுகலை படியுங்கள், அல்லது மனநலச் சமூகப்பணி படியுங்கள். அவை கௌரவமான வழிகள்.

என்னைக் கேட்டால் நான் காட்டும் திசை வேறு, குழந்தை வளர்ச்சி, கல்வி, மறுவாழ்வு உளவியல். இது என் சாய்வு, மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாள் கழிந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். மருத்துவ உளவியல் என்று இன்று எல்லோரும் ஓடும் துறையே பள்ளிக்கூடத்திலிருந்துதான் தொடங்கியது. லைப்சிக்கில் படித்துத் திரும்பிய லைட்னர் விட்மரிடம் 1896-இல் ஒரு ஆசிரியை, எழுத்துக் கூட்ட வராத மாணவன் ஒருவனைக் கூட்டி வந்தார். பார்த்தால் பையனுக்குக் கண்ணில் கோளாறு. கண்ணாடி போட்டு, கூடவே படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். பென்சில்வேனியாவில் முதல் உளவியல் கிளினிக் அப்படிப் பிறந்தது. பிரான்சில் 1905-இல் பினே தன் நுண்ணறிவுச் சோதனையைச் செய்ததும் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான், மதிப்பெண் போட்டு வரிசையில் நிறுத்த அல்ல.

இந்த வேலைக்கு நம் மாவட்டத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நடக்கத் தாமதமாகும், பேசத் தாமதமாகும் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. சட்டம் வந்துவிட்டது. கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் ஒரு குழந்தையை அதன் பேச்சு வழக்கிலேயே சோதித்துச் சொல்ல ஆட்கள்தான் போதவில்லை. நுண்ணறிவுச் சோதனையை வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தது 1930-களில். பீடி சுற்றும் தாயின் மடியில் வளரும் நம் பிள்ளைக்கு எந்தக் கேள்வி பொருந்தும் என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.

எந்தப் பிரிவானாலும் உங்களுக்கு அது வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை நாற்பது பேரிடம் அதே தொனியில் கேட்க முடியுமா? பதில் பிடிக்கவில்லை என்றால் முகத்தில் காட்டாமல் எழுத முடியுமா? புள்ளியியல் தாளைக் கண்டு ஓடாமல் இருக்க முடியுமா? எப்பிங்ஹௌஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று வருடக்கணக்கில் தன் மேலேயே சோதித்து, 1885-இல் வெளியிட்டார். பக்கத்தில் கைதட்ட யாரும் இல்லை. அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால் எந்தக் கிளையிலும் பிழைத்துக்கொள்வீர்கள். அவசரம் இருந்தால், வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன, அவற்றில் சேருங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கல்லூரியில் சேரும் முன் சோதனைக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவிகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, மேசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் தனியே பேசுங்கள். முடிந்தால் அனுமதி கேட்டு ஆய்க்குடியில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பட்டம் மூன்று வருடம், முதுகலை இரண்டு, மேற்பயிற்சி இரண்டு. இந்த ஏழு வருடத்துக்கும் கட்டணம் எவ்வளவு, விடுதி எவ்வளவு, வீட்டுக்குப் பணம் எப்போதிலிருந்து அனுப்ப முடியும் என்று ஒரு தாளில் எழுதி அப்பா, அம்மாவிடம் காட்டிவிட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள்.