நாட்டுப்புறப் பாடகர்களின் வாழ்வும் ஒலிப்பதிவும்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

பாட்டில்லாத தொழில் நம் நாட்டில் இருந்ததில்லை. ஏற்றம் இறைத்தவருக்கும் நாற்று நட்டவருக்கும், தொட்டில் ஆட்டிய தாய்க்கும் மாரடித்து அழுத பெண்டிருக்கும் தனித்தனியே பாட்டுகள் இருந்தன. எழுதாமலே வாழ்ந்த அப்பாடல்கள் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறிய வரலாற்றையும், பாடியவர்கள் அடைந்த வாழ்வையும் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டு

1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றே தட்டுகளாயின. அங்கிருந்தவர்கள் இது இன்னார் பாட்டு என்று அறிய அப்பெயர் உதவியது.

அக்காலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும். அதாவது 234 சுற்றுக்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும்! விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும், பொழுது சாயும்வரை நீளும் நடவுப் பாட்டும் இதில் எங்ஙனம் அடங்கும்? எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்ற நாடக மேடைப் பாடகர்கள் இசைத்தட்டால் பட்டிதொட்டி எங்கும் அறியப்பட்டனர். கழனியில் பாடியவர் கழனியிலேயே நின்றார்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அமெரிக்க மலைநாட்டிலும் இதை ஒத்த கதை உண்டு. 1927-இல் விக்டர் கம்பெனிக்காக ரால்ப் பீர் என்பவர் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதன்முதலில் பாடிப் பதிந்தனர். பின்னர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் வீடு வீடாகச் சென்று பாடல் திரட்டினார். லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர் உடன் சென்று மெட்டுகளை மனத்தில் ஏற்றி வந்தார். ஆனால் தட்டில் அச்சான பெயர் கார்ட்டருடையது. ரிடிலின் பெயர் நெடுங்காலம் வெளியில் தெரியவில்லை.

வானொலியும் ஒலிநாடாவும்

தமிழகத்தில் சென்னை வானொலி நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. பின்னாளில் கிராமத்துக் குரல்களுக்கு வானொலி வாசல் திறந்தது. சிவகங்கைப் பகுதியின் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி வந்தவர். 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் தோன்றினார். 2025-இல் மறைந்தார். மதுரையை அடுத்த பரவை முனியம்மாவை 2003-இல் 'தூள்' படம் நாடறியச் செய்தது. அவர் 2020-இல் காலமானார். இருவருக்கும் பெரும்புகழ் முதுமையிலேயே வந்தது என்பது எண்ணத்தக்கது.

ஒலிநாடா ஒரு திருப்பம். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 30 நிமிடத்திற்கு ஏறத்தாழ 86 மீட்டர் நாடா போதும். தட்டில் 3 நிமிடம் கிடைத்த இடத்தில் இப்போது பத்து மடங்கு நேரம்! செலவும் குறைவு. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் ஊர் ஊராகச் சென்று பாடல் சேகரித்து மேடையில் பாடினார்; 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் ஒலிநாடாவால் வீடுதோறும் அறிமுகமாயினர். கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களின் குரலை மேடையேற்றினார்; புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கி 2016-இல் மறைந்தார்.

பெயர் யாருக்கு?

பாடியவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தமே நிகழ்த்துவோருக்கென ஓர் உரிமையைத் தந்தது. முதலில் 25 ஆண்டு. 1999-இல் 50 ஆண்டாயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் மெட்டையும் சொல்லையும் வழிவழியாகக் காத்துத் தந்த மூதாட்டியருக்கு? அவர்கள் எல்லோருக்குமாக 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே சொல்லை எழுதி முடித்துவிடுகிறோம்.

களமருதூரில் ஒரு பதிவு

இக்கட்டுரைக்காகக் களமருதூரில் எங்கள் ஆயாவின் நடவுப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்ய முயன்றேன். நான்கு வரி பாடி நிறுத்திவிட்டார். "பின்பாட்டுக்கு ஆள் இல்லாம நான் மட்டும் பாடுனா அது பாட்டாடா?" என்றார். அவரோடு நட்டவர்களில் இருவர் இறந்துவிட்டனர். ஒருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். நான் இரண்டு ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான், படிப்பு என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பதாக எண்ணியிருந்தேன்.

பிறகு அம்மாவையும் அத்தையையும் பின்பாட்டுக்கு உட்கார வைத்தேன். மறந்த அடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாட்டு 19 நிமிடம் நீண்டது. 78 சுற்றுத் தட்டாயின் ஆறு பக்கமும் போதாது!

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! கல்வராயன் மலையிலிருந்தும் சமவெளிச் சிற்றூர்களிலிருந்தும் நாம் இங்கே படிக்க வருகிறோம். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பதிவாகாத ஒரு குரல் இருக்கிறது. வரும் விடுமுறையில் அதைப் பதிவு செய்யுங்கள். தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். பின்பாட்டுக்கு ஆள் சேருங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் தவறாமல் குறித்து வையுங்கள்.

கௌஹர் ஜான் கதையை ஆயாவிடம் சொன்னேன். சிரித்தார். மறுமுறை பாட்டு முடிந்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, தம் பெயரையும் தம் தாயின் பெயரையும் ஊரையும் உரக்கச் சொன்னார். பாட்டைத் தந்தவர் தாயாம்! அந்தப் பதிவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.