வேலை தேடும் நாளைப் பங்கிடுதல்: நான்கு முறைகளின் ஒப்பீடு

வேலையை இழந்தவருக்கும் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவருக்கும் பொழுது தாராளமாக இருக்கிறது என்று சுற்றத்தார் கருதுவது இயல்பே எனினும், அந்தத் தாராளமே அவர்களைச் சோர்வில் தள்ளும் என்பதை 1933இல் வெளியான ஓர் ஆய்வு நூல் காட்டியது. ஆஸ்திரியாவின் மரியென்தால் என்னும் சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே ஏறத்தாழ வேலையற்றுப்போன நிலையில், மரீ யஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் அவ்வூராரிடம் மணிக்கு மணி செய்தவற்றைத் தாளில் குறித்துத் தரச் சொன்னார்கள். எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, விறகும் தண்ணீரும் கொண்டுவந்தது, மதியம் சாப்பிட்டது என்பவற்றுக்கு மேல் எழுத ஆண்கள் பலருக்கு ஒன்றும் இருக்கவில்லை; ஓய்வு பெருகியிருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது; தெருவில் ஆண்களின் நடைகூட வேகம் குறைந்திருந்தது. ஊதியத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பிறரோடு சேர்ந்த நோக்கம், சமூக மதிப்பு, இடைவிடாத செயல் ஆகியவற்றையும் வேலை தருகிறது என்று யஹோதா பிற்காலத்தில் விளக்கினார். ஆகவே, இன்றைய தமிழ்நாட்டுப் பட்டதாரி ஒருவர் தம் நாளைப் பங்கிடும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை விண்ணப்பங்கள் போகின்றன என்பதோடு, இந்த ஐந்தில் எவற்றை அம்முறை மீட்டுத் தருகிறது என்பதையும் பார்ப்பது தகும்.

முழு நாளும் தேடுவது முதல் முறை. அலுவலகம்போல் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை தேடலுக்கே ஒதுக்குவது உறுதியான திட்டமாகத் தோன்றினாலும் அது நீடிப்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையற்றோர் 6,000 பேருக்கு மேல் வாரந்தோறும் தொடர்ந்து கேட்டறிந்த ஆலன் குரூகரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும், வேலையின்மை நீள நீளத் தேடலுக்குச் செலவிடும் நேரம் சுருங்கிக்கொண்டே போவதைக் கண்டனர். எட்டு மணி நேரத்தையும் நிரப்பும் அளவுக்குப் புதிய காலியிடங்கள் நாள்தோறும் வருவதில்லை. எனவே பிற்பகலெல்லாம் ஒரே தளத்தைத் திறந்து மூடுவதில் கழிகிறது. ரெஸ்யூமைத் திருத்தவும், மதிப்பெண் பட்டியல், முந்தைய நிறுவனத்தின் பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டவும் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் இம்முறை பொருந்தும்.

இரண்டாவது, அரைநாள் முறை. தனியார் துறை வேலை நாடுவோரில் பெரும்பாலோருக்கு இதுவே சிறந்தது. காலை மூன்று மணி நேரம் தேடல், பிற்பகலில் ஒரு திறனைக் கற்றல், மாலையில் வெளியே போய் மனிதரைக் காணுதல் என்பது இதன் அமைப்பு. காலை மூன்று மணி நேரத்தையும் விண்ணப்பங்களுக்கே கொடுத்துவிடுவது இதில் நேரும் பெரும் பிழை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றிருந்தனர்; அந்தத் தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் நெருங்கியவர்களாக இல்லாமல், எப்போதாவது பார்த்துக்கொள்பவர்களாகவே இருந்தனர். இத்தகைய உறவை அவர் நலிந்த பிணைப்பு என்றார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்பதும், தொலைவில் உள்ளவரே வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவார் என்பதும் அதற்கு அவர் தந்த விளக்கம். ஆகையால் மூன்றில் ஒரு மணி நேரத்தை, கல்லூரியில் இரண்டாண்டு மூத்தவருக்கோ பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவருக்கோ பேசுவதற்கென்று வைக்க வேண்டும். வேலை இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தொலைபேசியைத் தவிர்ப்பவர் பலர். இந்த ஒரு கூச்சத்தை வெல்வது பத்து விண்ணப்பங்களைவிடப் பயன் தரும்.

வீட்டுச் செலவு ஒருவரை நம்பியிருந்தால் அரைநாள் முறை போதாது. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாயே. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்குத்தான். எனவே சம்பாதித்துக்கொண்டே தேடும் மூன்றாம் முறை பலருக்குக் கட்டாயமாகிறது. இதில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதைவிட எந்த நேரத்தில் உழைப்பது என்பதே முக்கியம். நேர்காணலுக்கான அழைப்புகள் அலுவலக நேரத்தில்தான் வரும். அப்போது உணவுப் பையுடன் வண்டியில் இருப்பவர், இரைச்சலுக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். உணவு விநியோகத்தை இரவு உணவு வேளைக்கும், டியூஷனை மாலைக்கும் ஒதுக்கினால் காலை மிஞ்சும். இவ்விரண்டில் டியூஷனே மேல். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பதே நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது.

போட்டித் தேர்வுக்கே முழு நாளையும் கொடுப்பது நான்காம் முறை. 2024ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வுக்கான முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள் இருக்க, விண்ணப்பித்தவர்களோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்த விகிதத்தை அறிந்தே இறங்குபவர், எத்தனை தேர்வுகள் வரை முயல்வது என்பதை முன்னதாகவே எழுதி, வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். எல்லை குறிக்காத தயாரிப்பே நான்கு முறைகளிலும் மிக ஆபத்தானது. குரூப் 4 தேர்வின் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்குரியது என்பதால் படிப்பு நேரத்திலும் பாதி தமிழுக்குப் போக வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களின் இலவச வகுப்புகள், படிப்போடு தோழமையையும் தருகின்றன.

எந்த முறையை எடுத்தாலும் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. மரியென்தாலிலும் பெண்களின் தாள்கள் காலியாக இருக்கவில்லை, வீட்டு வேலை அவற்றை நிறைத்திருந்தது. வீட்டில்தானே இருக்கிறாள் என்ற ஒரு சொல்லில், பால் காய்ச்சுவது முதல் கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது வரை எல்லாம் அவள் காலைக்குள் வந்து சேர்கின்றன. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ, அவை எட்டாதபோது ஊர்க் கிளை நூலகத்துக்கோ போய் அமர்வது, அந்தக் காலைப் பொழுதைக் காப்பாற்றும் எளிய வழி. போக முடியாதவர்களுக்காக வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றே எண்ணி, அவளைக் கூப்பிடாமல் இருங்கள்.