அழைப்புக்காகக் காத்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்து ஒரு வருஷமாகப் போகிறது, திருநெல்வேலியில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை, தேவசித்தம் தெரியாமல் எதிலும் கால் வைக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு வாலிபர் கூட்டத்தில் இருந்த பெண் முகாமில் ஊழிய அழைப்புப் பெற்று வேதாகமக் கல்லூரிக்குப் போய்விட்டாள், உனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்ற வருத்தம் வரிக்கு வரி தெரிந்தது.

முதலில் அந்த அட்டைக்கு வருவோம். புத்தாண்டு ஆராதனையில் உன் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் இருப்பது எரேமியா 29:11. அந்த வசனம் தொங்காத கிறிஸ்தவ வீடு நம் பக்கம் குறைவு. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தானே இடம்? அதற்கு முன்னால் உள்ள பத்து வசனங்களையும் இன்று ராத்திரி வாசி. அதுவும் ஒரு கடிதம்தான். நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்காக எருசலேமில் எரேமியா எழுதி, எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் பாபிலோனுக்குக் கொடுத்தனுப்பியது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நாட்களில் அனனியா போன்றவர்கள் சொல்லித் திரிந்தார்கள். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். அதைக் கேட்ட இருபது வயதுப் பையன் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பான்: ஊர் திரும்பும்போது நான் இருந்தால் எனக்குத் தொண்ணூறு.

அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்து பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறைகொண்டுபோன அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபியுங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். உன் அட்டையிலுள்ள வாக்கு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது, அதுவும் ஒரு ஜனக்கூட்டத்துக்கு. அதைத் தனியே கத்தரித்து உன் வேலைக்கான நியமன உத்தரவாக வாசித்தால் வசனத்துக்கும் நியாயமில்லை, உனக்கும் நிம்மதியில்லை.

தேவசித்தம் என்றால் ஒரே ஒரு சரியான விடை உள்ள வினாத்தாள் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ! தப்பாகக் குறித்தால் வாழ்க்கை முழுக்க ஃபெயில். பிள்ளையை இப்படிப் பயமுறுத்தி வேடிக்கை பார்க்கிற தகப்பனை நான் வேதத்தில் பார்க்கவில்லை. கர்த்தர் கேட்பது என்ன என்று மீகா ஆறாம் அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாயிற்று: நியாயம், இரக்கம், தாழ்மை. இதற்கு முகாமும் வேண்டாம், சத்தமும் வேண்டாம்.

அப்படியானால் தனியான நடத்துதலே கிடையாதா என்று கேட்பாய். உண்டு. அப்போஸ்தலர் 16ஐப் பார். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க நினைத்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் தடை. துரோவாவில்தான் மக்கெதோனியா மனுஷன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம் வந்தது. கவனி: தரிசனம் வந்தபோது அவர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்தால், தரிசனத்தில் வந்த ஆணைக் காணோம். ஆற்றோரத்தில் ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்கள்தான் இருந்தார்கள். முதலில் மனம் திறந்தவள் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், ஒரு வியாபாரி! நினைத்த ஆள் இல்லையே என்று பவுல் திரும்பிப் போகவில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி பெற்றோரின் மகன். படிப்புக்காகச் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் அப்பா ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். சீழும் ரத்தமும் கண்டாலே அருவருப்பு, மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்றிருந்த பையன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். மிஷன் வேலைக்குப் பயன்படுமே என்று ஒரு சின்ன மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் மனம் மாறி டாக்டருக்குப் படித்தார். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்துக் குலுக்கியபோது பிடி இரும்பாக இருந்தது. சதை சாகவில்லை, சரிசெய்யலாம் என்று அங்கேதான் தோன்றியது.

கைகளைச் சரிசெய்தார். பிறகு வேறொரு சிக்கல் வந்தது. கை நேரானவனுக்குப் பிச்சை விழவில்லை, தொழிலும் தெரியாது. அப்போது, வீணாய்ப் போனதாகத் தோன்றிய அந்தத் தச்சுப் பட்டறை வருஷங்கள் கைகொடுத்தன. வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஆரம்பித்து அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் கண்ட பையன் ஒருவன் வந்து சாவியைத் திருகிவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருக்கிறது, பையனுக்கோ வலியே இல்லை. நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால்தான் விரல் போகிறது என்று அவர் புரிந்துகொண்ட வழிகளில் அது ஒன்று. உளி பிடித்துப் பழகிய டாக்டர் என்பதால் அந்தக் கைகள் என்ன பாடுபடும் என்று அவருக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதை வைத்து, பிராண்டின் அப்பா செத்ததும் தேவனுடைய திட்டம்தான் என்று யாராவது பிரசங்கித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். துக்கம் துக்கம்தான். அவர் அம்மா ஈவ்லின், ஓய்வுபெறும் வயது தாண்டியும் அதே மலைகளில் ஊழியம் செய்தார். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். இயேசு ஊழியம் தொடங்கியபோது வயது ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தில் தச்சர். யோர்தானில் பிதா தம் பிரியத்தை வானத்திலிருந்து அறிவித்தாரே, அந்த நேரம் வரை இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு குருடனுக்கும் பார்வை கொடுத்திருக்கவில்லை. நான் எதற்காகப் பிறந்தேன் என்று நீ கேட்கிறாய். கிறிஸ்தவ விசுவாசம் முதலில் சொல்லும் பதிலில் எந்த உத்தியோகத்தின் பெயரும் இல்லை. நீ நேசிக்கப்பட்டவள், உன் நேசமும் தேவனுக்கு வேண்டும் என்பதே அந்தப் பதில். வேலை அதற்குப் பின்னால் வருகிறது, மாறவும் செய்யும். உன் தோழியின் அழைப்பு மெய்யானது, அவளுக்காக ஜெபி. ஆனால் வேதாகமக் கல்லூரி உசத்தி, கணக்குப் புத்தகம் மட்டம் என்று நினைக்காதே. ஆக்கில்லா வீட்டில் பவுலே கூடாரம் தைத்தார்.

ஆபீஸுக்குப் போ. ஞாயிறுபள்ளி வகுப்பை விட்டுவிடாதே, அந்தப் பிள்ளைகளிடம் நீ பேசும் விதத்தைப் பார்த்திருக்கிறேன், அதில் ஏதோ இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து, உன்னை நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம், எதில் நான் பிறருக்குப் பயன்பட்டேன் என்று கேள். ஆபீஸில் கணக்கு முடிக்கிற முதல் மார்ச் மாதத்திலேயே யாராவது ஒரு பில்லை மாற்றி எழுதச் சொல்வார்கள். தேவசித்தம் அன்றைக்குத் தெளிவாகத் தெரியும், செய்யத்தான் சிரமமாயிருக்கும். அப்போது எனக்குப் போன் போடு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று உன் அப்பா சொன்னான். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுது. சம்பளம் எவ்வளவு என்றும் எழுது, உன் பெரியம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பெரியப்பா